ராணி போன பிறகும் ஆட்டம் இருக்கிறது

செஸ் கிளப்பில் நீங்களும் இதைக் கேட்டிருப்பீர்கள்: "ராணியை மாத்திட்டானா? அப்ப டிராவுக்குத்தான் ஆடுறான்." ராணியை வெட்டிக்கொள்வது பயந்தவர் செய்கிற வேலை என்று நானும் பல காலம் நினைத்திருந்தேன். இரண்டு பழைய போட்டிகளைப் பற்றிப் படித்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

முதலாவது, 1914 மே மாதம் ரஷ்யாவின் சென்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நடந்தது. உலக சாம்பியன் இமானுவல் லாஸ்கருக்கு வயது 45. அவருக்கு முன்னால், முதலிடத்தில் இருந்தவர் கியூபாவின் கபாப்ளாங்கா, வயது 25. போட்டி முடியும் கட்டத்தில் இருவரும் மோதினார்கள். டிரா ஆனால் கபாப்ளாங்காவே முன்னால் இருப்பார். லாஸ்கருக்கு வெற்றி வேண்டும்.

அந்த இடத்தில் நாம் இருந்தால் ராணியை விடவே மாட்டோம். லாஸ்கரோ தன் மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வெட்டினார். ஏழாவது நகர்வுக்குள் ராணிகளும் பலகையை விட்டுப் போயின.

ஏன் அப்படிச் செய்தார்? சிப்பாய்களை எண்ணிப் பாருங்கள். ராஜா பக்கத்தில் லாஸ்கருக்கு 4, கபாப்ளாங்காவுக்கு 3. ராணி பக்கத்தில் கபாப்ளாங்காவுக்கு 4, லாஸ்கருக்கு 3. கணக்கு சமம்போலத் தெரியும். ஆனால் கபாப்ளாங்காவின் நான்கில் இரண்டு சிப்பாய்கள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. அதனால் அந்தப் பக்கம் புதிய ராணியை உண்டாக்குவது கடினம். காய்கள் குறையக் குறைய லாஸ்கருக்குத்தான் நல்லது. கபாப்ளாங்காவிடம் இரண்டு மந்திரிகள் இருந்தன. அவற்றை வைத்து அவர் துணிந்து ஆடியிருக்க வேண்டும். அவர் பொறுமையாகக் காத்து ஆடினார். 16ஆவது நகர்வில் லாஸ்கரின் குதிரை அவருடைய எல்லைக்குள் ஆறாம் வரிசையில் போய் உட்கார்ந்தது. அதன் பிறகு கறுப்புக் காய்களுக்கு மூச்சுவிட இடமில்லை. 42 நகர்வுகளில் லாஸ்கர் வென்றார். போட்டியின் முடிவில் லாஸ்கருக்கு 13½ புள்ளி, கபாப்ளாங்காவுக்கு 13.

இரண்டாவது, 2000ஆம் ஆண்டு லண்டனில் நடந்த உலக சாம்பியன் போட்டி. கேரி காஸ்பரோவ் 1985இல் சாம்பியனானவர்; ராணியோடு தாக்கினால் அவரைத் தடுப்பது மிகக் கடினம். எதிரே விளாடிமிர் கிராம்னிக், வயது 25. அவர் கறுப்புக் காய்களோடு பெர்லின் தற்காப்பு என்ற பழைய முறையை எடுத்துவந்தார். அதில் எட்டாவது நகர்வில் ராணிகள் போய்விடும். கறுப்பு ராஜா கோட்டை கட்டவும் முடியாது. பார்த்தால் கறுப்புக்கு நட்டம்போல இருக்கும். ஆனால் வெள்ளை ராணி இல்லாதபோது நடுவில் நிற்கிற ராஜாவை யார் விரட்டுவது? காஸ்பரோவின் மிகப்பெரிய பலம் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே பலகையைவிட்டுப் போனது. நான்கு ஆட்டங்களில் அந்தச் சுவரை மோதிப் பார்த்தார், நான்கும் டிரா. 15 ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவர் வெல்லவில்லை. 8½–6½ என்று பட்டம் கிராம்னிக்கிடம் போனது.

லாஸ்கர் வெல்வதற்காக மாற்றினார், கிராம்னிக் தோற்காமல் இருப்பதற்காக. செய்தது ஒன்றுதான், காரணம் வேறு. இருவரும் கேட்டுக்கொண்ட கேள்வியும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்: ராணிகள் போன பிறகு பலகையில் மிஞ்சுவது யாருக்குச் சாதகம்?

இது நம் ஊர்க்காரர் ஒருவருக்கும் வலித்த பாடம். 2013 நவம்பரில் விஸ்வநாதன் ஆனந்த் தன் சொந்த ஊரான சென்னையில் மாக்னஸ் கார்ல்சனோடு பட்டத்துக்கு ஆடினார். நான்காவது ஆட்டத்தில் அதே பெர்லின் தற்காப்பு. எட்டாவது நகர்வில் ராணிகள் போயும் ஆட்டம் 64 நகர்வு நீண்டு டிராவானது. ஐந்தாவதில் 15ஆவது நகர்வில் ராணிகள் போயின. டிராதான் என்று பலர் நினைக்கக்கூடிய நிலை. கார்ல்சன் விடவில்லை, 58ஆவது நகர்வில் ஆனந்த் தோற்றார். கடைசியில் பட்டமும் போனது.

அடுத்த முறை எதிராளி ராணியை நீட்டும்போது உடனே வெட்டாதீர்கள், பயந்து ஒதுங்கவும் வேண்டாம். இரண்டு ராணிகளையும் மனதில் எடுத்துவிட்டுப் பலகையைப் பாருங்கள். யாருடைய ராஜா ஆபத்தில் இருந்தது? யாருடைய சிப்பாய்கள் உடைந்திருக்கின்றன? யாருடைய காய்கள் நல்ல இடத்தில் நிற்கின்றன? அந்தப் பலகை உங்களுக்குப் பிடித்திருந்தால் மாற்றுங்கள்.