சோள எண்ணெயும் ஓர் ஆய்வின் நீண்ட மௌனமும்

கொழுப்பென்றாலே நோய்க்கு வித்து எனக் கருதும் நம்மவர் பலர், கொழுப்பின்மையும் நோய்தரும் என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை. 1929ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர், கொழுப்பு அறவே நீக்கப்பட்ட உணவை எலிகளுக்கு ஊட்டினர். எலிகளின் வளர்ச்சி குன்றியது. தோலிலும் வாலிலும் செதில்கள் படர்ந்தன. பல்நிரம்பாக் கொழுப்பமிலங்களுள் ஒன்றான லினோலெயிக்கமிலத்தைச் சிறிதளவு கொடுத்ததும் அவை தேறின. உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத கொழுப்பமிலமும் உண்டென்பது இவ்வாறே புலனாயிற்று.

அதே பல்கலைக்கழகம் நாற்பதாண்டுகளின் பின் மற்றொரு பரிசோதனைக்குக் களமாயிற்று. வெண்ணெய், இறைச்சி முதலியவற்றிலுள்ள நிரம்பிய கொழுப்பு குருதியிற் கொலஸ்திரோலை மிகுவித்து மாரடைப்புக்கு வழிகோலுகின்றது என்ற கருத்து, அங்கு பணியாற்றிய அன்சல் கீஸ் போன்றோரால் வலுப்பெற்றிருந்தது. 1961இல் அமெரிக்க இருதயச் சங்கம் பல்நிரம்பாக் கொழுப்பைப் பரிந்துரைத்தது. பரிந்துரை முந்திற்று, பெரும் பரிசோதனை பிந்திற்று.

1968 முதல் 1973 வரை ஐவன் பிரான்ட்ஸ் தலைமையில் நடைபெற்ற அப்பரிசோதனையில், ஆறு அரசாங்க உளநோய் வைத்தியசாலைகளையும் ஒரு முதியோர் பராமரிப்பில்லத்தையும் சேர்ந்த 9,000க்கு மேற்பட்டோர் உட்படுத்தப்பட்டனர். ஒரு பிரிவினர் வழக்கமான கொழுப்புணவை உண்டனர்; மற்றவர்க்குச் சோள எண்ணெயும் அதனாலான மாஜரீனும் சேர்ந்த உணவு வழங்கப்பட்டது. தமது தட்டில் விழுவதைத் தாமே தெரிவுசெய்ய இயலாத மாந்தர் என்பதாலேயே அவர்கள் ஆய்வுக்கு வாய்ப்பானவராயினர். இது நெஞ்சை உறுத்துவதாகும். சோள எண்ணெய் உண்டோரின் கொலஸ்திரோல் ஏறத்தாழ 14 சதவீதம் வீழ்ந்தது. ஆயின் இறப்புக் குறையவில்லை.

இம்முடிவு ஆய்விதழில் விரிவாக வெளிவந்தது 1989இலேயே. பதினாறு ஆண்டுகள்! முடிவு எவ்வாறிருப்பினும் இத்தாமதமே பெருந்தவறென்பது என் கருத்து.

பிரான்ட்ஸ் மறைந்தபின் அவரது வீட்டு நிலவறையிலிருந்து பழைய கோப்புகளும் காந்த நாடாக்களும் மீட்கப்பட்டன. கிறிஸ்தோபர் ராம்ஸ்டன் குழுவினர் அவற்றை மீளாராய்ந்து 2016இல் வெளியிட்டனர். கொலஸ்திரோல் மிகுதியாக வீழ்ந்தோரிடையே இறப்பு மிகுந்திருந்ததெனக் கண்டனர். வீழ்ச்சியே சாவுக்குக் காரணமென்று இதனால் நிறுவிவிட முடியாது. நோயுற்று மெலிந்தோர்க்கும் கொலஸ்திரோல் குறையும். மேலும், பலர் வைத்தியசாலையை விட்டு விரைவிலேயே வெளியேறியமையால் ஓராண்டேனும் அவ்வுணவுகளில் இருந்தோர் ஏறத்தாழ கால்வாசியினரே.

பின்லாந்தின் உளநோய் வைத்தியசாலைகளிலும் லொஸ் ஏஞ்சலிஸ் முன்னாட் படைவீரர் இல்லத்திலும் நிகழ்ந்த பரிசோதனைகள் பல்நிரம்பாக் கொழுப்புக்குச் சாதகமாகவே அமைந்தன. 2017இல் அமெரிக்க இருதயச் சங்கம் நிரம்பிய கொழுப்புக்கு ஈடாக அதனை உண்பது இருதய நோயை ஏறத்தாழ 30 சதவீதம் குறைக்குமென மீண்டும் அறிவித்தது. அம்முடிவுக்கு ஆதாரமாகக் கொண்ட நான்கு பரிசோதனைகளுள் மினசோற்றா இடம்பெறவில்லை.