சாமுராய் கவசம்

சாமுராய் கவசம் என்பது ஜப்பானியப் போர்வீரர்கள் அணிந்த மெய்காப்பு. இரும்பு, பதப்படுத்தாத தோல், பட்டுக்கயிறு, உருஷி மரப்பாலால் ஆன அரக்குப்பூச்சு ஆகியவை இதன் மூலப்பொருள்கள்.

தோற்றம்: ஜப்பானில் 5ஆம் நூற்றாண்டின் கல்லறை மேடுகளிலேயே இரும்புத் தகட்டு மார்புக்கவசங்கள் கிடைத்துள்ளன. ஹெயான் காலத்தில் (794–1185) குதிரைமேல் இருந்து அம்பெய்த வீரர்களுக்காக ‘ஓ-யொரோய்’ என்னும் பெருங்கவசம் உருவானது. அதன் எடை ஏறத்தாழ 30 கிலோ.

செய்முறை: விரலளவே உள்ள ‘கொஸானே’ என்னும் செதில்கள்தாம் கவசத்தின் அடிப்படை. ஒவ்வொரு செதிலும் அடுத்ததைப் பாதி மறைக்கும்படி அடுக்கி, துளைகளின் வழியே தோல்வாரால் கோப்பார்கள். இதனால் எந்த இடத்திலும் இரட்டைக் கனம் கிடைக்கும். பிறகு பலமுறை அரக்குப்பூச்சு ஏறும். இரும்பு துருப்பிடிக்காது, தோல் ஊறாது. இப்படி முடிந்த வரிசைகளை வண்ணப் பட்டுக்கயிற்றால் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடுவார்கள். வில்லின் நாண் செதில்களில் சிக்காதிருக்க மார்பின்மேல் வழவழப்பான மான்தோல் போர்த்தப்பட்டது. கொல்லர், தோல் வினைஞர், கயிறு பின்னுபவர், அரக்குப் பூசுபவர் எனப் பலர் உழைத்தால்தான் ஒரு கவசம் முழுமையடையும்.

மாற்றம்: நீண்ட முற்றுகைப் போர்களில் பட்டுக்கயிறு மழைநீரைக் குடித்துக் கனத்தது, அழுக்கும் பேனும் சேர்ந்தன. 1543இல் போர்த்துகீசியரின் துப்பாக்கி தனேகஷிமா தீவுக்கு வந்தபின், அகன்ற இரும்புத் தகடுகளால் ஆன ‘தோசெய் குசோகு’ என்னும் புதுக்கவசம் பரவியது. சில கவசங்களைச் சுட்டுப் பார்த்து, குண்டு பட்ட தழும்பைத் தரச்சான்றாக அப்படியே விட்டுவைத்தார்கள். கோவாவிலிருந்த போர்த்துகீசிய வைசிராயின் தூதர்கள் 1591இல் ஜப்பானின் ஆட்சியாளர் ஹிதேயோஷிக்கு அளித்த பரிசுகளில் மிலான் நகரக் கவசங்களும் இருந்தன. ஐரோப்பிய மார்புத்தகடுகளைத் தழுவிய ‘நன்பான்’ கவசங்களும் அக்காலத்தில் செய்யப்பட்டன.

பிற்காலம்: எதோ காலத்து (1603–1868) அமைதியில் கவசம் குலப்பெருமையின் சின்னமாயிற்று. ம்யோச்சின் குடும்பக் கொல்லர்கள் பெரும்புகழ் பெற்றனர். அதன்பின் வந்த மெய்ஜி அரசு 1876இல் பொது இடங்களில் வாள் அணியத் தடை விதித்தது. சாமுராய் வகுப்பும் மறைந்தது. பல கவசங்கள் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் கைக்குப் போயின.

இன்று: ஜப்பானில் ஒமிஷிமா தீவின் ஒயமஸுமி ஆலயம், வீரர்கள் காணிக்கையாக அளித்த பழங்கவசங்களைக் காத்துவருகிறது. கனடாவின் மொன்றியலில், உயிர்வேதியியல் அறிஞர் ரிஷார் பெலிவோ சேர்த்த சாமுராய்க் கலைப்பொருள்களை புவான்த்-அ-கல்லியேர் அருங்காட்சியகம் 2012–2013இல் காட்சிக்கு வைத்தது.