ஒதாக்கியின் பூ

கதை எழுதுகிறவனுக்குப் பெயர் வைப்பதைப் போன்ற தொல்லை வேறு கிடையாது. கதாநாயகிக்கு ஒரு பெயரைச் சூட்டிவிட்டால், அதே பெயருள்ள வாசகி ஒருத்தி, "என்னை மனத்தில் வைத்துக்கொண்டா எழுதினீர்கள்?" என்று கடிதம் போடுகிறாள். தாவர சாஸ்திரிகள் பாக்கியசாலிகள். ரோஜாவும் எருக்கும் எழுந்து வந்து ஆட்சேபிக்கப் போவதில்லை. ஆனாலும் ஒரு செடிக்கு வைத்த பெயரைப் பற்றி, வைத்தவர் மண்ணோடு மண்ணாகி வெகுகாலம் சென்ற பிறகு, மகா பண்டிதர் ஒருவருக்குக் கோபம் பொங்கிய வரலாறு ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கோடையில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் வந்தவர்கள் அந்தச் செடியைப் பார்த்திருப்பார்கள். பங்களாக்களின் வாசற்படிக்கு இரு புறமும், தோட்டத்துப் பாதை ஓரங்களிலும், இடுப்பளவு உயரத்தில் அடக்கமான புதராக நிற்கும். உள்ளங்கை அகலத்துக்கு இலை. ஓரமெல்லாம் ரம்பப் பல். கிளை நுனிதோறும் பந்து போல ஒரு பூங்கொத்து. ஹைட்ராஞ்சியா என்று பெயர். தண்ணீர்ப் பாத்திரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. விதைக்கூடு சின்னஞ்சிறு குடம்போல இருப்பதால் அப்படி வைத்தார்களாம். செடியின் சுபாவத்துக்கும் அது பொருத்தந்தான். தொட்டியில் வைத்து ஒரு வேளை தண்ணீர் ஊற்ற மறந்தால், கோபித்துக்கொண்ட மருமகளைப் போல இலைகளைத் தொங்கப் போட்டுவிடும். ஊற்றினால் சிறிது நேரத்தில் சமாதானமாகிவிடும்! காலை வெயில் வேண்டும். உச்சி வெயில் ஆகாது. சென்ற ஆண்டின் கிளையில்தான் பெரும்பாலும் இந்த ஆண்டின் பூ வரும். ஆகையால் அகாலத்தில் கத்தரிக்கோலை எடுத்தவர்கள் இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்தப் பூவின் பெரிய விநோதம் அதன் நிறம். மண் புளிப்பாக இருந்தால், அதிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் வழியாக ஏறிப் பூவிலுள்ள சாயப் பொருளோடு கலந்து நீலமாகிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அலுமினியம் கரைவதில்லை. பூ இளஞ்சிவப்பாக நின்றுவிடுகிறது. நீலகிரியின் மண் புளிப்பு. அதனால்தான் அங்கே நீலம் அதிகம். தொட்டியில் வளர்க்கிறவர்களுக்கு இது கைக்குள் அடங்கிய வித்தை. மொட்டு வைப்பதற்கு முன்பே படிகாரம் கரைத்த தண்ணீரை அளவோடு விட்டு வந்தால் நீலத்துக்குத் திருப்பலாம். சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவப்புக்குத் திருப்பலாம். வெள்ளை ஜாதி மட்டும் எந்த உபாயத்துக்கும் மசிவதில்லை.

செடியின் பிறந்தகம் ஜப்பான். அங்கே அதற்கு அஜிஸாய் என்று பெயர். ஜூன் மாதத்து மழையில் பூக்கும். ஜப்பான் வெளிநாட்டாருக்குக் கதவைச் சாத்தியிருந்த காலத்தில், ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களுக்கு மாத்திரம் நாகசாகித் துறைமுகத்தில் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். விசிறி வடிவத்தில் மண் கொட்டி எழுப்பிய தேஜிமா என்ற குட்டித் தீவு அது. ஒரே ஒரு பாலம், அதிலும் காவல். 1775-ல் அங்கே வைத்தியராக வந்த துன்பெர்க் என்ற சுவீடன் தேசத்தவர், வெளியே போக அனுமதி கிடைக்காத நாட்களில், தீவிலிருந்த ஆடுமாடுகளுக்கு வந்த புல்லுக்கட்டைக் கிளறிச் செடிகளைப் பொறுக்கினாராம்! நம் செடியை ஐரோப்பிய சாஸ்திரத்தில் பதிவு செய்தவர்களில் அவரும் ஒருவர். 1784-ல் அச்சான அவருடைய புத்தகத்தில், 'பெரிய இலை கொண்டது' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார். இந்தப் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

1823-ல் அதே தீவுக்கு வந்து சேர்ந்தார் பிலிப் பிரான்ஸ் வான் சீபோல்ட். வயது 27. ஜெர்மானிய வைத்தியர். அவருடைய டச்சு உச்சரிப்பைக் கேட்டு ஜப்பானிய துபாஷிகளுக்குச் சந்தேகம் வந்ததாகவும், "நான் மலைநாட்டு டச்சுக்காரன்" என்று சொல்லிச் சமாளித்ததாகவும் சொல்வார்கள். ஹாலந்தில் மலையே கிடையாது என்பது துபாஷிகளுக்குத் தெரியாமல் போயிற்று!

தேஜிமாவுக்குள் ஐரோப்பிய மனைவிமார் வரக்கூடாது. ஜப்பானியப் பெண்களிலும் மாருயாமா என்ற கணிகையர் தெருவைச் சேர்ந்தவர்களுக்குத்தான் அனுமதி. அந்தப் பதிவேட்டில் ஸோனோகி என்ற பெயரில் இருந்த ஒரு பெண்ணோடு சீபோல்ட் குடும்பம் நடத்தினார். அவளுடைய உண்மைப் பெயர் தாக்கி. முன்னால் ஓர் 'ஒ'வும் பின்னால் ஒரு 'ஸா'னும் சேர்ப்பது அந்த நாட்டு மரியாதை; ஆகவே ஒதாக்கி-ஸான். 1827-ல் இனே என்ற பெண் குழந்தை பிறந்தது.

மறு வருஷம் விபத்து வந்தது. ஜப்பானின் தேசப்படத்தை வெளிநாட்டானுக்குக் கொடுப்பது ராஜத்துரோகம். சீபோல்டிடம் அப்படிப்பட்ட படங்கள் இருந்தது வெளியாயிற்று. அவற்றைக் கொடுத்த அரசாங்க வான சாஸ்திரி தகஹாஷி சிறையிலேயே உயிர் விட்டார். சீபோல்டை நாடு கடத்தினார்கள். 1829-ம் ஆண்டின் கடைசியில் அவர் கப்பல் ஏறினார். குழந்தைக்கு அப்போது இரண்டரை வயது. ஒதாக்கியின் உருவத்தையும் குழந்தையின் உருவத்தையும் முத்துச்சிப்பியால் இழைத்த ஒரு சிறு சிமிழ் இன்னும் நாகசாகியில் இருக்கிறது. நாவலாசிரியன் கற்பனை செய்து எழுதியிருந்தால், "மிகையாக இருக்கிறது" என்று விமரிசகர்கள் சொல்லியிருப்பார்கள்.

ஐரோப்பாவில் உட்கார்ந்து, சுக்கரீனி என்ற பண்டிதருடன் சேர்ந்து, 1835 முதல் ஜப்பானியத் தாவரங்களைப் பற்றிய பெரிய நூலைச் சீபோல்ட் வெளியிட்டார். அதில் உருண்டைக் கொத்து ஹைட்ராஞ்சியாவுக்கு 'ஒதாக்ஸா' என்று பெயர் கொடுத்தார். ஜப்பானியர் இதை அப்படித்தான் அழைக்கிறார்கள் என்றும் குறித்தார்.

பல ஆண்டுகளுக்குப் பின் ஜப்பானின் தாவர சாஸ்திர மேதை மகினோ தொமிதாரோ இந்தச் சொல்லைத் தேடினார். ஜப்பானில் எந்த மூலையிலும் அந்தச் செடியை ஒருவரும் அப்படி அழைக்கவில்லை! ஒதாக்கி-ஸான் என்பதை வேகமாகச் சொல்லிப் பார்த்தார், குட்டு வெளிப்பட்டது. புனிதமான சாஸ்திரத்துக்குள் ஒரு கணிகையின் பெயரைத் திருட்டுத்தனமாக நுழைத்துவிட்டாரே என்று மகினோ சீறினார்.

இந்த இடத்தில் வரலாறு ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. மகினோவின் மனைவி சூயெ, கடன்காரர்களையும் ஏராளமான குழந்தைகளையும் சமாளித்துக் கணவர் செடி தேட வழி செய்தவள். 1928-ல் அவள் காலமானபோது, தாம் கண்டுபிடித்திருந்த ஒரு குறுமூங்கிலுக்கு மகினோ அவள் பெயரையே வைத்தார். அன்பு ஒன்றுதான். ஒருவர் செய்தால் காதல் காவியம், மற்றவர் செய்தால் சாஸ்திரத்துக்கு அவமானமா என்று கேட்கத் தோன்றுகிறது.

எனக்கு மகினோவின் கோபத்தில் பாதிதான் சம்மதம். ஒதாக்கி எந்தத் தெருவில் பதிவாகியிருந்தாள் என்பதில் குற்றம் ஒன்றுமில்லை. அந்தப் பதிவேட்டை எழுதியது அவளல்ல. ஆனால் மகினோ தம் மனைவியின் பெயரை ஊரறியச் சொன்னார். சீபோல்ட், பெயரை வைத்துக்கொண்டு ஆளை மறைத்தார். செடியின் பெயர் என்று சொல்லி ஒரு பெண்ணின் பெயரை லத்தீன் மூட்டைக்குள் கட்டினார். 1845-ல் அவர் ஜெர்மனியில் வேறு விவாகம் செய்துகொண்டார். ஒதாக்கிக்கும் வேறு மணம் நடந்தது. தன் பெயரில் ஒரு பூ ஐரோப்பியப் புத்தகத்தில் மலர்ந்ததால் அவளுக்கு ஒரு கவளம் சோறு கூடுதலாகக் கிடைத்திருக்காது.

சாஸ்திரப் பெயராகவும் அது நிற்கவில்லை. முந்தி வைத்த பெயருக்கே உரிமை என்பது தாவரவியலின் சட்டம். துன்பெர்க்கின் 'பெரிய இலை' வந்து ஒதாக்ஸாவைத் தள்ளிவிட்டது. தோட்டக்காரர்கள் மட்டும் அந்தப் பெயரைக் கைவிடவில்லை. ஒரு ரகத்தின் பெயராக இன்றும் வைத்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் மூயேரும் லெம்வானும் புதுப் புது ஹைட்ராஞ்சியாக்களை உண்டாக்கியபோது, தாய்ச் செடிகளில் ஒன்றாக ஒதாக்ஸாவும் இருந்தது. இன்று உலகமெங்கும் முற்றத்துத் தொட்டிகளில் நிற்கும் குட்டை ரகங்கள் பலவற்றில் அந்த வம்சம் கலந்திருக்கிறது.

தடை நீங்கி 1859-ல் சீபோல்ட் நாகசாகிக்குத் திரும்பினார். அறுபத்து மூன்று வயது. ஒதாக்கி வந்து பார்த்தாள், இனேயும் வந்தாள். இரண்டரை வயதில் தகப்பனைப் பிரிந்த அந்தப் பெண், தகப்பனின் பழைய மாணவர்களிடம் வைத்தியம் கற்றுப் பிரசவ மருத்துவம் செய்துகொண்டிருந்தாள். கலப்புக் குழந்தை என்ற ஏச்சும் அதைவிடக் கொடிய துன்பங்களும் பட்டவள். 1870-ல் தோக்கியோவில் தொழில் தொடங்கினாள். 1873-ல் அரண்மனைப் பிரசவம் ஒன்றுக்கே அவளை அழைத்தார்கள். மேல்நாட்டு வைத்தியம் பயின்ற ஜப்பானியப் பெண்களில் முதல்வி என்று அவளை இன்று போற்றுகிறார்கள்.

நாகசாகி நகரம் தன் மலராக ஹைட்ராஞ்சியாவை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் அதற்கு விழா எடுக்கிறார்கள். ஜப்பானில் யாருமே சொல்லாத பெயர் என்று மகினோ கோபித்துக்கொண்டாரே, அந்த 'ஒதாக்ஸா'வை இப்போது நாகசாகிக்காரர்கள் அந்தப் பூவுக்குச் சொல்கிறார்கள். சீபோல்ட் அன்று எழுதிய பொய், ஒதாக்கியின் ஊரார் தயவால் மெய்யாகிவிட்டது.