சிற்றிலும் சிறுதேரும்

சில மாதங்களுக்கு முன் தங்கையின் வீட்டில் இரண்டு நாட்கள் தங்கியிருந்தேன். அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள், நான்கு வயதில் ஒரு மகன். முதல் நாள் மாலை மகளுக்கு மல்லிகைச் சரம் சூட்டிக்கொண்டிருந்தபோது, பையன் ஓடிவந்து தனக்கும் வைக்கும்படி தலையைக் குனிந்து நின்றான். வீட்டிலிருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். "நீ என்ன பொம்பளப் புள்ளையா?" என்று கேட்டார் என் அம்மா. மறுநாள் காலை, அக்கா அட்டைப்பெட்டிகளை அடுக்கிக் கட்டியிருந்த வீட்டை அவன் ஒரே உதையில் சரித்தான். அவள் அழுதாள். அப்போதும் சிரித்தோம். "ஆம்பளப் புள்ளைன்னா அப்படித்தான்" என்று அவளுக்குச் சமாதானம் சொன்னவரும் அம்மாதான். முதல் சிரிப்பில் பையன் கூசிப்போனான். இரண்டாவது சிரிப்பில் அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவனுக்கு அந்த இரண்டு நாட்களில் யாரும் எந்தப் பாடமும் நடத்தவில்லை. ஆனால் அவன் இரண்டு பாடங்களைக் கற்றுக்கொண்டுவிட்டான்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் எனக்குப் பிள்ளைத்தமிழ் நினைவாகவே இருந்தது. குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பகுத்துப் பாடுவதற்கென்றே ஓர் இலக்கிய வகையைத் தமிழ் உருவாக்கி வைத்திருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டிப் பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடிய பாசுரங்களில் அதன் வேர் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ், நமக்குக் கிடைப்பவற்றுள் தனி நூலாக அமைந்த முதல் பிள்ளைத்தமிழ். அதன் பிறகு கடவுளர், அரசர், அடியார், நபிகள் நாயகம், இயேசு, காந்தி என்று அந்த மரபு இன்றுவரை நீண்டு வந்திருக்கிறது.

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்ற முதல் ஏழும் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பொது. இரண்டு குழந்தைகளும் ஒரேவிதமாகத் தவழ்கின்றன, கை கொட்டுகின்றன, முத்தம் தருகின்றன, நிலாவை விளையாட அழைக்கின்றன. எட்டாவது பருவத்தில் பாதை பிரிகிறது. ஆண்பாலுக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். பெண்பாலுக்கு அம்மானை, கழங்கு அல்லது நீராடல், ஊசல். மரபுக் கணக்கின்படி அம்புலிப் பருவம் குழந்தைக்கு ஒன்றரை வயதை ஒட்டி வருவது. அதன் பின்தான் பிரிவு. இரண்டு, மூன்று வயதுக்குள் குழந்தை தன்னை ஆண் என்றோ பெண் என்றோ அடையாளம் காணத் தொடங்குகிறது என்று இன்றைய குழந்தை உளவியலும் சொல்கிறது. நம் பாட்டியல் ஆசிரியர்கள் கூர்மையான அவதானிப்பாளர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் கண்டதைப் பதிவு செய்ததோடு நிற்கவில்லை. அதை இலக்கணமாகவும் விதித்தார்கள்.

பிரிந்த பிறகு வரும் மூன்று பருவங்களைச் சற்று உற்று நோக்க வேண்டும். பாட்டுடைத் தலைவன் அரசனாக இருக்கும்போது, சிறுபறை நாளைய முரசுக்கும் சிறுதேர் நாளைய போர்த்தேருக்கும் ஒத்திகையாகிவிடுகின்றன. பறையின் ஒலி ஊர் முழுதும் கேட்கும். தேர் வீட்டு வாசலைத் தாண்டித் தெருவில் ஓடும். பெண் குழந்தைக்கு வகுத்த அம்மானையும் கழங்கும் கையளவு இடத்தில் ஆடுபவை. அவற்றுக்கு வேண்டிய கண்கூர்மையும் கைத்திறனும் தேர் உருட்டுவதற்குத் தேவையில்லை. இருந்தும் அவை வீட்டு எல்லையைத் தாண்டுவதில்லை. ஊசல் எவ்வளவு உயரம் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது.

இவற்றுள் என்னை அதிகம் தொந்தரவு செய்வது சிற்றில்தான். சிறுமியர் மணலில் வீடு கட்டி விளையாடுவார்கள். அங்கே வரும் சிறுவன் அதைக் காலால் அழிப்பான். பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவம் முழுவதும் அச்சிறுமியர் அவனிடம், எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று இறைஞ்சும் குரலில் அமைந்தது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் திருமொழியும் இதே வேண்டுதல்தான். பக்தியின் நோக்கில் இதற்கு ஆழமான பொருள் சொல்லப்படுகிறது. சிறுமியர் கட்டுவது நிலையற்ற உலகம், சிதைப்பவன் இறைவன் என்பது அப்பொருள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உருவகத்துக்குக் கீழே ஒரு காட்சி இருக்கிறது. கட்டுபவள் பெண், சிதைப்பவன் ஆண், அவள் கெஞ்ச வேண்டும், அவன் குறும்பு ரசிக்கப்பட வேண்டும். உருவகம் எளிதில் விளங்குவதற்குக் காரணமே, அந்தக் காட்சி கேட்பவர் அனைவருக்கும் பழகிய ஒன்றாக இருந்ததுதான்.

இக்காட்சி வளர்ந்த பின் என்னவாகும் என்பதைச் சங்க இலக்கியமே காட்டிவிடுகிறது. கலித்தொகையின் ஐம்பத்தொன்றாம் பாடல் கபிலருடையது. தெருவில் நாம் செய்த மணல் வீட்டைக் காலால் சிதைத்து, சூடிய மாலையை அறுத்து, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுவானே, அவன் ஒருநாள் தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வந்தான் என்று தலைவி தோழியிடம் சொல்லத் தொடங்குகிறாள். தாய் சொன்னபடி அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அவன் அவள் முன்கையைப் பற்றிக்கொள்கிறான். அவள் அலறுகிறாள். தாய் ஓடிவர, நீர் குடிக்கும்போது அவனுக்கு விக்கிக்கொண்டது என்று பொய் சொல்லிக் காப்பாற்றுகிறாள். தாய் அவன் முதுகை நீவிவிட, அவன் கடைக்கண்ணால் பார்த்துச் சிரிக்கிறான்.

பாடல் மிக அழகானது. அவளுக்கும் அவன்மீது விருப்பம் உண்டு என்பதும், கதையைச் சொல்பவளே அவள்தான் என்பதும் உண்மை. ஆகவே இதை வெறும் அத்துமீறல் என்று முத்திரை குத்துவது பாடலுக்கு நியாயம் செய்வதாகாது. ஆயினும் மணல் வீட்டில் தொடங்கிக் கைப்பிடியில் முடியும் அந்தக் கோட்டைக் கபிலர் தெளிவாகவே வரைந்திருக்கிறார். சிறுவனாக இருந்தபோது தடுக்கப்படாத கை, இளைஞனானபோதும் கேட்காமலே நீள்கிறது. அலறியவளே அதை மூடி மறைக்கிறாள். தாய் அவனுக்கு முதுகு நீவிவிடுகிறாள். இந்தப் பாடலைக் கல்லூரி நாட்களில் எத்தனையோ முறை ரசித்திருக்கிறேன். தங்கை மகள் சரிந்த அட்டைப்பெட்டிகளின் நடுவே அமர்ந்து அழுததைப் பார்த்த பிறகுதான், அந்தத் தலைவியின் உடைந்த சிற்றிலைப் பற்றி யோசித்தேன்.

ஆண்மை தானாக முளைப்பதில்லை, அது பலர் கூடிச் செய்யும் பொருள் என்பதையும் பழம்பாடல்கள் மறைக்கவில்லை. பொன்முடியார் பாடிய புறநானூற்று 312ஆம் பாடல் ஒரு வேலைப் பங்கீட்டுப் பட்டியலாகவே அமைந்தது. பெறுவது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கு, நல்லொழுக்கம் தருவது வேந்தனுக்கு. யானையைக் கொன்று மீள்வது அந்தக் காளைக்கு. ஒரு போர்வீரனை உருவாக்கக் குடும்பமும் தொழிலும் அரசும் சேர்ந்து உழைக்கின்றன. 279ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாய், போரில் தமையனையும் கணவனையும் இழந்தவள். மீண்டும் போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனுக்கு வெண்ணிற ஆடை உடுத்தி, தலையில் எண்ணெய் தடவிச் சீவி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். பாடியவர் அவள் துணிவைப் போற்றுகிறார். அந்தச் சிறுவன் என்ன நினைத்தான் என்று பாடல் சொல்வதில்லை. ஆண்மை என்ற மதிப்பீடு பெண்களிடமிருந்து மட்டுமே எதையோ பறித்துக்கொள்கிறது என்று எண்ணுபவர்கள் இந்தப் பாடலைத் திரும்ப வாசிக்க வேண்டும்.

பெயர்களிலும் இது தெரிகிறது. பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழாக்குகின்றன. ஆணுக்குப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என்று பெயரிடுகின்றன. மறமும் திறலும் சிறுவர் பருவத்துக்கே சூட்டப்பட்ட பெயர்கள். ஐந்து வயதில் தொடங்கும் பெண்ணின் முதல் பருவத்துக்குப் பேதை என்று பெயர். அறியாமை என்ற பொருளும் அச்சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்பெயர்களால் அழைக்கப்படும் குழந்தைகள் அவற்றுக்கேற்ப வளர்வதில் வியப்பென்ன?

இவ்வளவும் சொன்ன பிறகு, மரபு என்பது ஒரே திசையில் ஓடும் ஆறு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மல்லிகைக்காகத் தலை குனிந்த அந்தப் பையனிடம் வருகிறேன். பெரியாழ்வாரின் யசோதை, கண்ணனைப் பூச்சூட வா என்று ஒரு பதிகம் முழுவதும் அழைக்கிறாள். ஒவ்வொரு பாசுரத்திலும் செண்பகம், மல்லிகை என்று பூக்களைக் காட்டி அழைக்கிறாள். வேறொரு பதிகத்தில் காது குத்த அழைக்கிறாள். புறத்திணைகளின் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை எல்லாம் ஆண்கள் போரை ஒட்டிச் சூடிய பூக்கள். மூவேந்தருக்கும் அடையாளம் பனம்பூவும் ஆத்தியும் வேம்புமாகிய பூக்களே. புறநானூற்று 77ஆம் பாடலில் இடைக்குன்றூர் கிழார், தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனின் இளமையைச் சொல்லும்போது, அவன் கழுத்துத் தாலி இன்னும் கழற்றப்படவில்லை, பாலை விட்டு இன்றுதான் சோறு உண்டான் என்கிறார். தாலி அங்கே ஒரு சிறுவனின் காப்பு அணி. கடுக்கனும் குடுமியும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தமிழ் ஆண்களிடம் சாதாரணமாகக் காணப்பட்டவை. ஆக, என்றென்றைக்கும் உரிய ஆண் அடையாளம் என்று நாம் நம்புவதில் பெரும்பகுதி, நம் தாத்தாக்களின் தாத்தாக்களுக்கே அறிமுகமில்லாதது.

இதற்கு எதிர்த்திசைக் கதை ஒன்று மதுரையில் இருக்கிறது. திருவிளையாடற் புராணம் சொல்லும் கதைப்படி, மலயத்துவச பாண்டியன் மகன் வேண்டி வேள்வி செய்கிறான். தீயிலிருந்து மூன்று முலைகளுடன் பெண் குழந்தை தோன்றுகிறது. ஆண் மகனுக்குரிய சடங்குகளையே இவளுக்குச் செய் என்று அசரீரி ஒலிக்கிறது. தடாதகை படைக்கலம் பயில்கிறாள், முடிசூடுகிறாள், கயிலை வரை திக்குவிசயம் செய்கிறாள். அங்கே சிவனைக் கண்டதும் மூன்றாவது முலை மறைகிறது, நாணம் வருகிறது. மகனைப்போல் வளர்த்தால் மகளும் நாடாள்வாள் என்று ஒப்புக்கொண்ட கதை, அவளைத் திருமணத்தின் வாசலில் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் இவள்மீது மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். அம்மையின் திக்குவிசயத்தை அறியாதவர் அல்லர் அவர். ஆயினும் இலக்கணம் இலக்கணம்தான். நூலின் கடைசி மூன்று பருவங்கள் அம்மானை, நீராடல், ஊசல். அவரே புள்ளிருக்குவேளூர் முத்துக்குமாரசுவாமிமீது பாடியபோது சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் வந்தன. உலகை வென்றவளுக்கும் ஒரு தேர் உருட்டக் கிடைக்கவில்லை.

வடிவத்தை மாற்ற முடியாததா? இருபதாம் நூற்றாண்டில் பாரதிதாசன் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் தனித்தனியே தாலாட்டு எழுதினார். தலைப்பில் பிரிவு தொடர்கிறது. ஆனால் மூடத்தனத்தை அகற்ற வந்தவள் என்று பெண் குழந்தையைத் தாலாட்டும்போது, ஊசலில் அமர்ந்திருந்தவளுக்கு ஊரைத் திருத்தும் வேலை வந்துவிடுகிறது. பழைய வடிவத்துக்குள்ளிருந்தே அதன் எல்லையைச் சற்றுத் தள்ளிவைக்க முடியும் என்பதற்கு அது ஒரு சான்று.

நம் வீடுகளில் இன்றும் எழுதப்படாத பிள்ளைத்தமிழ் ஒன்று பாடப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதன் எட்டாவது பருவம், பொம்மைக் கடையில் எந்த அடுக்கின் முன் குழந்தையை நிறுத்துகிறோம் என்பதில் தொடங்குகிறது. விழுந்த பையனிடம் அழாதே என்றும், ஓடும் பெண்ணிடம் மெல்லப் போ என்றும் சொல்வதில் அது வளர்கிறது. இலக்கணம் வகுத்தவர்கள் பத்துக்கு ஏழு பருவங்களைப் பொதுவாக விட்டார்கள். நாமோ பிறந்த அன்றே நீலத் துணியா, இளஞ்சிவப்புத் துணியா என்று தேடுகிறோம்.

அடுத்தமுறை தங்கை வீட்டுக்குப் போகும்போது இரண்டு முழம் மல்லிகை வாங்கிப் போகலாம் என்றிருக்கிறேன். பையன் மறுபடியும் தலை குனிவானா என்று தெரியவில்லை. ஒருமுறை சிரித்துவிட்டோம் அல்லவா. சரிந்த அட்டைப்பெட்டிகளை அவனும் சேர்ந்து அடுக்க வேண்டும் என்று சொல்வதற்காவது இன்னும் காலம் இருக்கிறது.