நரேன் கார்த்திகேயனின் ஐந்து புள்ளிகள்

அம்பூரி மலை ரோட்டில் ஜீப் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வண்டி எதுவானாலும் டிரைவர்தான் எல்லாம் என்று நினைப்பு. அதை மாற்றியது நம்ம கோவை நரேன் கார்த்திகேயனின் கதை.

2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். கடைசி வளைவின் வேகத்தை மிஷலின் டயர் தாங்காது என்று தெரிந்துவிட்டது. ரேஸ் நடுவில் நினைத்தபடி டயர் மாற்ற அந்த வருட விதி விடவில்லை. 14 கார்கள் ஒதுங்கின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு மட்டும் ஓடின. ஜோர்டான் காரில் நரேன் நாலாவது, 5 புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் அவர் வாங்கிய மொத்தமே அவ்வளவுதான்.

2011, 2012 ஆஸ்திரேலியா ரேஸ்களில் அதே நரேன், எச்ஆர்டி கார். தகுதிச் சுற்றில் முதல் காரின் நேரத்தைவிட 7 சதவீதத்துக்கு மேல் பின்தங்கினால் ரேஸில் இடமில்லை என்பது விதி. இரண்டு முறையும் வெளியே. அணியின் இன்னொரு டிரைவருக்கும் இரண்டு முறையும் அதே கதி.

கை அதே கைதான். நாலாவது இடத்தை அதிர்ஷ்டம் என்று கிண்டல் செய்தவர்கள், ஆஸ்திரேலியாவில் திறமை போதவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள் சாமி!