கடுகண்ணாவைக் கணவாய் வீதி

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெரு மாவனல்லையைக் கடந்தபின் மலையேறத் தொடங்குகின்றது. சில மைல் தூரமே நீளும் இவ்வேற்றம் முடியுமிடத்திலுள்ள சிறு நகரமே கடுகண்ணாவை. நகரின் தெருவோரத்தில் ஏறக்குறைய 125 அடி உயரமான வெண்ணிறக் கோபுரமொன்று நிற்கின்றது. இவ்வீதியை வகுத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்டது அது.

கண்டி மன்னர்க்கு மலையும் காடுமே மதிலாயிருந்தன. அகன்ற வழி பகைவர்க்கே உதவும் என்பதை அறிந்த அவர்கள், ஒற்றையடிப் பாதைகளோடு அமைந்தனர். அவற்றையும் கடவத்தைகள் அமைத்துக் காத்தனர். 1803இல் கண்டியுட் புகுந்த ஆங்கிலப் படை அழிந்தமைக்கு நோயோடு இவ்வழியருமையும் ஒரு காரணமாகும். 1815 மார்ச் 2ஆம் நாள் உடன்படிக்கையால் இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. எனினும் மூன்றாண்டு கழியுமுன்னரே ஊவாவிலே கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்கப் பட்ட பாடே, துருப்புகளும் பீரங்கிகளும் விரைந்து செல்லத்தக்க வீதி வேண்டுமென்பதை அவர்க்கு உணர்த்திற்று. 1820இல் பதில் தேசாதிபதியாயிருந்த எட்வேட் பாண்ஸ் வேலையைத் தொடக்கினார். 1824 முதல் 1831 வரை அவரே தேசாதிபதியாயிருந்து அதனை முன்னெடுத்தார். பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் அவர் கோப்பித் தோட்டமும் வைத்திருந்தார் என்பதை இங்கு மறத்தற்கில்லை.

வழியை மறித்த பாறையொன்றைக் குடைந்து அதனூடாகத் தெருவைச் செலுத்தினர். வீதி வேலையை மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்ட தோமஸ் ஸ்கின்னர் அப்போது பதினாறு வயது இளைஞர். பிற்காலத்தில் இலங்கையின் வீதி ஆணையாளராக விளங்கியவர் இவரே.

ஆயின், காடு வெட்டியோரும் கல்லுடைத்தோரும் யாவர்? இராசகாரிய முறைப்படி அழைக்கப்பட்ட கிராமத்து மக்களே. காணியை அனுபவிப்பவர் அதற்கீடாக மன்னனுக்குச் சேவை செய்தல் பழைய வழக்கம். எவர் எத்தொழில், எத்தனை நாள் என்னும் வரையறை அதற்குண்டு. அம்முறையை ஆங்கிலேயர் தம் தேவைக்கேற்ப நீட்டினர். உழவுக் காலத்திலும் வயலை விட்டு, கூலியின்றி மலைச்சரிவிலே உழைக்க நேர்ந்தது. விசாரணைக்கு வந்த கோல்புறூக் இதனைக் கண்டித்தார். 1832இல் அரச கட்டளையால் இராசகாரியம் நீக்கப்பட்டது.

அதே 1832இல் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. கோபுரம் எழுந்ததும் அவ்வாண்டிலேயே. 1829இல் மறைந்த டோசன் இவற்றுள் ஒன்றையுங் காணவில்லை. அவருடைய அறிவும் திறமையும் போற்றத்தக்கனவே; கல்வெட்டும் அவ்வாறே கூறுகின்றது. உழைத்தோரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

கட்டாய வேலையும் அத்துடன் ஒழிந்துவிடவில்லை. 1848இல் டொறிங்டன் தேசாதிபதி கொண்டுவந்த வீதிச் சட்டம், 18 முதல் 55 வயது வரையான ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேற் பணம் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. அவ்வாண்டு மாத்தளையிற் கிளர்ச்சி வெடித்தமைக்குக் கூறப்படும் காரணங்களுள் இச்சட்டமும் ஒன்று.

1867இல் புகைவண்டி கண்டியை அடைந்தபின் கோப்பி மூட்டைகள் தெருவை விட்டுத் தண்டவாளத்துக்கு மாறின. இன்று மோட்டார் வண்டிகள் குடைந்த பாறையை ஒதுக்கி அதன் அருகே அமைந்த அகன்ற வழியாற் செல்கின்றன. பழைய குகைவழி பக்கத்திலே வெறுமையாய்க் கிடக்கின்றது.