குயவர் மகன் மணி தாஸும் ரியோவின் கடிதமும்

கால்பந்து கிளப் ஒன்றின் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கோப்பை. அடுத்து கேப்டன்களின் படம், பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய சட்டை, பழைய பூட்ஸ். யாரையெல்லாம் அந்த கிளப் உள்ளே விடவில்லை என்று எழுதிய பலகை அபூர்வம்.

கேளம்பாக்கத்தில் நம் படிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி ஒருவர் கொல்கத்தா போய் மோகன் பகான் கிளப்பைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் 1911 கதையைச் சொல்லச் சொல்ல எல்லோருக்கும் உற்சாகம். "அண்ணா, அந்த டீம்ல நம்ம ஆளுங்க யாராவது இருந்தாங்களா?" என்று ஒரு தங்கை கேட்டார். நியாயமான கேள்வி.

1911 ஜூலை 29, ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதிப் போட்டி. எதிரணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட், வெள்ளைக்காரப் பட்டாளம். சுதீர் சட்டர்ஜி ஒருவரைத் தவிர மோகன் பகானின் மற்ற பத்துப் பேரும் வெறுங்காலோடு ஆடினார்கள். முதல் கோலை வாங்கிய பிறகு கேப்டன் சிப்தாஸ் பாதுரி ஒன்று, அபிலாஷ் கோஷ் ஒன்று போட்டு 2-1 என்று ஜெயித்தார்கள். கொண்டாட வேண்டிய வெற்றிதான். ஆனால் அணிப் பட்டியலை வாசியுங்கள். பாதுரி இருவர், முகர்ஜி இருவர், சட்டர்ஜி, பட்டாச்சார்யா, சுகுல். பதினொன்றில் ஏழு பிராமணக் குடும்பப் பெயர். வெள்ளைக்காரன் பூட்ஸை எதிர்த்து வெறுங்கால் ஆடியது என்று தேசம் பெருமைப்படுகிறது. அந்த வெறுங்கால் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அதற்குச் சுமார் கால் நூற்றாண்டு முன்பே, அதே கல்கத்தாவில் ஒரு கிளப் சாதியால் உடைந்திருக்கிறது. இந்தியக் கால்பந்தின் தந்தை என்று அழைக்கப்படும் நகேந்திர பிரசாத் சர்வாதிகாரி 1880களில் வெலிங்டன் கிளப்பை நடத்தினார். மணி தாஸ் என்ற குயவர் மகனை அதில் சேர்க்கப் போக, மேல்சாதி உறுப்பினர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மணி தாஸை வெளியேற்றுவதற்குப் பதில் சர்வாதிகாரி கிளப்பையே கலைத்தார். சோவாபஜார் கிளப்பைத் தொடங்கி அவரை அதில் சேர்த்தார். 1892இல் டிரேட்ஸ் கோப்பையில் ஈஸ்ட் சர்ரே ரெஜிமென்ட்டை 2-1 என்று தோற்கடித்ததும் இந்த சோவாபஜார்தான். ஷீல்டு வெற்றிக்கு 19 ஆண்டுகளுக்கு முன்!

வங்காளத்தில் குயவர்கள் தீண்டத்தகாதவர்களாக வைக்கப்படவில்லை. பிராமணர் கைநீர் வாங்கும் சாதிகளில் ஒன்று அது. அவர் மகனோடு ஒரே மைதானத்தில் ஓடவே மனம் வரவில்லை என்றால், நாமசூத்திரரின் மகன் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? எனக்கு இன்னொரு உறுத்தலும் உண்டு. இந்தக் கதை சொல்லப்படும்போதெல்லாம் அது சர்வாதிகாரியின் பெருந்தன்மைக் கதையாகவே சொல்லப்படுகிறது. மணி தாஸ் எந்த இடத்தில் ஆடினார், அன்று அவர் என்ன பேசினார் என்பது கதையில் வருவதே இல்லை. குயவர் மகன் என்பதோடு அவர் முடிந்துபோகிறார்.

இதை ரியோ டி ஜெனிரோவோடு ஒப்பிடலாம். அங்கே வாஸ்கோ ட காமா என்று ஒரு கிளப். (ஆமாம், கோழிக்கோட்டில் வந்திறங்கிய அதே ஆள்தான். அவன் வந்து 400 ஆண்டு ஆன 1898இல் போர்ச்சுகீசியக் குடியேறிகள் தொடங்கியது.) 1923இல் இரண்டாம் பிரிவிலிருந்து மேலே வந்த முதல் வருடமே இது ரியோ சாம்பியன் ஆனது. பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்து 35 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கோல்கீப்பர் நெல்சன் கறுப்பர், டாக்சி ஓட்டியவர். செசி சுவருக்குப் பெயின்ட் அடித்தவர். நிக்கோலினோ துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்.

ஃபிளமெங்கோ, ஃபுளுமினென்சே, பொட்டாஃபோகோ போன்ற பணக்கார கிளப்புகள் 1924இல் தனி லீக் அமைத்தன. வாஸ்கோ அதில் சேர 12 வீரர்களை நீக்க வேண்டும் என்றார்கள். கறுப்பர் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், சரியான வேலை இல்லாதவர்கள், உங்களுக்குச் சொந்த மைதானம் இல்லை என்றார்கள். தகுதி, திறமை என்ற பேச்சைக் காது புளிக்கக் கேட்ட நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. 1924 ஏப்ரல் 7 அன்று வாஸ்கோ தலைவர் ஜோசே அகுஸ்டோ பிரெஸ்டெஸ் பதில் எழுதினார்: அந்த 12 பேரைக் கைவிட மாட்டோம், உங்கள் லீக் எங்களுக்கு வேண்டாம். மூன்று ஆண்டுகளில் ரசிகர்கள் காசு போட்டு சாவோ ஜனுவாரியோ ஸ்டேடியத்தைக் கட்டினார்கள். மைதானம் இல்லை என்று சொன்னவர்களுக்கு அது பதில். அந்தக் கடிதத்தைக் கோப்பைகளுக்குச் சமமாக வைத்து இன்றும் அந்த கிளப் காட்டுகிறது.

கடிதம் எழுதியவரும் ஒரு தலைவர்தான், வீரர் அல்ல. இருந்தும் டாக்சி ஓட்டியவர் யார், மூட்டை தூக்கியவர் யார் என்று பெயரோடு வரலாறு நிற்கிறது. இங்கே மணி தாஸுக்கு அது கிடைக்கவில்லை.

சென்னையில் வியாசர்பாடியைச் 'சின்ன பிரேசில்' என்கிறார்கள். அங்கே வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்ந்தவர்களின் கதைகளை எந்தக் கண்ணாடிப் பெட்டி வைத்துக் காட்டுகிறது? நம் பக்கத்தில் பிரச்சினை இன்னும் அடியில் இருக்கிறது. சோவாபஜார் ஜெயித்த அதே 1892இல்தான், செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த மாவட்டத்தில்தான் நம் கேளம்பாக்கமும் இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. சாலையான பிறகு சேரிப் பிள்ளைகள் பந்து உதைத்த பொட்டல்களில் இப்போது கேட்டும் வாட்ச்மேனும். மைதானமே போன பிறகு அதில் ஆடியவர்களின் பெயர் மட்டும் எப்படி மிஞ்சும்?

பீரோ மேல் தூசி படிந்து கிடக்கும் கப்பு, சுவரில் மாட்டிய டீம் போட்டோ, ஏப்ரல் 14 போட்டிக்கு அடித்த நோட்டீஸ். இவைதான் இப்போதைக்கு நம் அருங்காட்சியகம். கேளம்பாக்கம், தையூர், படூர், கோவளம் தோழர்கள் அண்ணன்மார், மாமாமார் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் போட்டோவின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து அனுப்புங்கள். யார் எந்த இடத்தில் ஆடினார், அப்போது என்ன வேலை பார்த்தார் என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.